பனி போட்ட வரப்பு

நீலகிரியில் 2,000 மீட்டருக்கு மேலே ஒரு விநோதம். மலை மடிப்பில் அடர்ந்த சோலை. விளிம்பைத் தாண்டி நாலடி வைத்தால் வெறும் புல்.

இப்படிக் கத்தரித்ததில் பெரும்பங்கு உறைபனிக்கு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்தவெளித் தரை உறைந்துபோகும். அங்கே முளைத்த சோலைமரக் கன்றுகள் கருகிவிடும். புல்லுக்குக் கவலையில்லை, அதன் குருத்து மண்ணோடு ஒட்டிப் பதுங்கியிருக்கிறது. சோலைக்குள்ளோ கிளைக்கூரை வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. தீக்கும் மேய்ச்சலுக்கும் இதில் எவ்வளவு பங்கு? அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

வரப்பு மீறும் உள்ளூர் முரடு ஒன்று உண்டு: காட்டுப்பூவரசு. தடித்த பட்டையோடு புல் நடுவே தனியே நின்று, சிவப்பாகப் பூக்கும். என்ன திமிர்!

19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரமும் பனிக்கு அஞ்சவில்லை. புல்வெளியில் கணிசமான பகுதியை அது விழுங்கியாயிற்று.