'ஷட்டர்': தோக்கியோவில் குறைந்த பாரம்

தீராத கழுத்துவலியோடு மருத்துவரிடம் போகிறான் புகைப்படக்காரன் துன். எடைப்பொறியில் ஏறி நிற்கிறான். ஒல்லியான உடம்பு, முள்ளோ நூறு கிலோவையும் தாண்டி ஓடுகிறது. பொறியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்கிறோம். செத்துப்போன நத்ரே என்ற பெண் அவன் தோள்மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்பது படத்தின் கடைசியில்தான் தெரிகிறது.

பஞ்சோங் பிசந்தனாகுன், பார்க்பூம் வோங்பூம் இருவரும் 2004-இல் இயக்கிய தாய்லாந்துப் படம் 'ஷட்டர்'. தமிழில் 2007-இல் 'சிவி' ஆனது. மறு ஆண்டே ஹாலிவுட்டும் எடுத்தது. 'தி ரிங்', 'தி கிரட்ஜ்' என்று ஜப்பானியப் பேய்கள் அமெரிக்காவில் வசூலைக் குவித்திருந்த காலம் அது. அதனால் தாய்லாந்துக் கதைக்கும் ஜப்பானிய வேடம் கட்டினார்கள். இயக்குநர் மசாயுகி ஒச்சியாய். பேயாக வருபவர் 'ஜூ-ஆன்' நாயகி மெகுமி ஒகினா. கதை நடப்பது தோக்கியோவில். நாயகத் தம்பதியும் கணவனின் நண்பர்களும் மட்டும் அமெரிக்கர்கள்.

இடத்தை மாற்றியதையே குற்றமாகச் சொல்ல மாட்டேன். புகைப்படத்தில் ஆவி விழும் என்ற நம்பிக்கை ஜப்பானில் வேரூன்றியது. புதிதாக மணமாகி வந்த ஜேனுக்கு அந்த ஊரின் மொழி தெரியாது, தெரிந்த முகம் கணவன் பென் ஒருவன்தான். அந்தத் தனிமையை மறுஆக்கம் நன்றாகப் பிடித்திருக்கிறது. அசலில் இல்லாத பயம் இது.

சறுக்கல் சாவு வீட்டில் நிகழ்கிறது. அசலில், மகள் நத்ரேயைத் தகனம் செய்ய மனம் வராத தாய், உடலை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறாள். அந்த அறைக்குள் துன் நுழையும்போது, பேயைப் பார்த்த பயத்தைவிட அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம்தான் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு சடங்கு, தகனம். தீர வேண்டிய கடன் தீர்ந்தது என்று நம்புகிறோம், தீரவில்லை. மறுஆக்கத்திலும் சடலம் உண்டு, ஈமச்சடங்கு உண்டு. ஆனால் பென்னுக்கு அது அந்நிய வீட்டுத் துக்கம். கதையை அடுத்த திருப்பத்துக்கு நகர்த்தியதும் அதன் வேலை முடிந்துவிடுகிறது.

பினாங்கில் இருந்து பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு சட்டென்று உறைக்கும். ஜார்ஜ்டவுன் புலாவ் திக்குஸில், 1845-இல் எழுந்த சயாமியக் கோயிலில், 33 மீட்டர் நீளத்துக்குச் சாய்ந்திருக்கும் புத்தருக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்: சுவர் மாடங்களில் இறந்தவர்களின் அஸ்திக் கலசங்கள். ஏழாம் சீன மாதத்தில் தெருவோரங்களில் ஆவிகளுக்குப் படையல். நம் வீடுகளில் கருமாதி. செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் செத்தவர் அலைவார் என்பதை மூன்று சமூகத்தாரும் தத்தம் முறையில் நம்பும் ஊர் இது. நத்ரேயின் தாயை இங்கே யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அசலிலும் ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. துன்னின் நண்பர்கள் நத்ரேயை வன்புணர்ந்ததும், அவன் அதைத் தடுக்காமல் படம்பிடித்ததும் கடைசியில்தான் வெளிவருகின்றன. அதுவரை அவளைக் கண்டு அலறத்தான் நம்மைப் பழக்குகிறது படம். பாதிக்கப்பட்ட பெண்ணைப் படம் நெடுகப் பூச்சாண்டியாக்கிவிட்டு, சில நிமிடங்களில் மனுஷியாக்கினால் போதுமா? மறுஆக்கம் இங்கே ஒரு படி மேலே போகிறது. பேய் தன்னை மிரட்டவில்லை, கணவனைப் பற்றி எச்சரித்திருக்கிறது என்று ஜேன் புரிந்துகொள்கிறாள். உயிரோடிருக்கும் பெண்ணுக்குச் செத்துப்போனவள் துணையாகிறாள். அசலில் குறிப்பாக மட்டும் இருந்தது இங்கே கதையின் முதுகெலும்பாகிறது. இதற்காகவே ஒச்சியாயை மதிக்கிறேன்.

ஆனால் அந்த இடத்தோடு நின்றுவிட்டார். ஒரு ஜப்பானியப் பெண்ணை, அவள் சொந்த ஊரிலேயே, வேலைக்கு வந்த அமெரிக்க ஆண்கள் சேர்ந்து சிதைத்துவிட்டுப் போகிறார்கள். தாய்லாந்துப் படத்தில் இருக்கவே முடியாத அதிகாரக் கதை இது. தோக்கியோவுக்குப் போனதால் மட்டுமே கிடைத்தது. இயக்குநரும் ஜப்பானியர். அவர்கள் ஏன் அவ்வளவு துணிந்தார்கள், அவள் பேச்சை யார் கேட்டிருப்பார்கள் என்ற கேள்விகளைப் படம் தொடவே இல்லை. எடைப்பொறியையும் கழுத்துவலியையும் பத்திரமாகப் படியெடுப்பதில் கவனம் போய்விட்டது. அந்தக் கேள்விகளின் பின்னே போயிருந்தால் அசலையே மிஞ்சியிருக்கும்.