எலுமிச்சம்பழ மின்கலம்

எலுமிச்சம்பழத்தில் துத்தநாகம் பூசிய ஆணியையும் செம்புக் கம்பியையும் ஒன்றையொன்று தொடாமல் குத்தினால் மின்கலம் தயார். 1800இல் விஞ்ஞானி வோல்ட்டா அடுக்கிய உலோகத் தட்டுகளின் தத்துவமே இதுவும். ஒரு பழம் ஏறத்தாழ 0.9 வோல்ட் தரும். சிவப்பு எல்.இ.டி. எரிய, நான்கு பழங்களைத் தொடராக இணைக்க வேண்டும். ஒன்றின் செம்பு அடுத்ததன் ஆணியோடு. வெளிச்சம் மங்கல்தான்; ஜன்னலைச் சாத்தி, கையைக் குவித்துப் பார்த்தால் தெரியும். எரியாவிட்டால் இன்னும் நல்லது: எல்.இ.டி.யின் நீண்ட கால் செம்புப் பக்கம் இருக்கிறதா என்று தேடும்போதுதான் நேர்முனையும் எதிர்முனையும் மனத்தில் பதிகின்றன. டார்ச் பல்பு எரியாது; அதற்கு வேண்டிய மின்னோட்டம் பழத்தில் தேறாது. மின்சாரம் பழத்துக்குள் இருப்பதாகவே பிள்ளைகள் நினைப்பார்கள். உண்மையில் ஆற்றல் தருவது சாற்றில் கரையும் துத்தநாகம். அதனால், அந்தப் பழத்தைப் பிறகு ஜூஸ் பிழியக் கூடாது.