பின்னர் உரைப்பாம் என்னும் வாக்கு

நமது பல்கலைக்கழகங்களிலிருந்து வெளிவரும் ஆய்வுக் கிரந்தங்களை ஊன்றிப் படிக்கும் எவரும், வாதம் முக்கிய ஸ்தானத்தை நெருங்கும் தறுவாயில், ‘இது ஐந்தாம் இயலில் விரித்துரைக்கப்படும்’ என்னும் வாசகம் குறுக்கிடக் கண்டிருப்பர். இவ்வழக்கம் மேனாட்டு ஆராய்ச்சி முறையோடு வந்து சேர்ந்தது என்று கருதுவோர் உளர். அக்கருத்துப் பொருந்தாது. தொல்காப்பிய மரபியல் 32 உத்திகளை வகுக்குமிடத்து ‘மொழிவாம் என்றல்’ என இதனையும் ஒன்றாக வைத்தது. பவணந்தி முனிவரும் நன்னூற் பாயிரத்தில் ‘உரைத்தும் என்றல்’ என இதற்கு இடமளித்தார்.

தொல்காப்பியர் இவ்வுத்தியைத் தாமே கையாண்ட இடம் நுணுகி நோக்கத்தக்கது. எழுத்ததிகாரத்தின் இரண்டாம் இயலாகிய மொழிமரபில், ‘மியா’ என்னும் அசைச்சொல்லில் குற்றியலிகரம் வருமாற்றை முதலில் வரையறுத்து, சொற்கள் புணருமிடத்தும் அது வருதலுண்டு என்னும் உண்மையையும் மறையாது கூறி, அதன் விளக்கத்தை மட்டும் மேலே வருமென்று நிறுத்துகிறார். ‘நாடு’ என்பதன் முன் ‘யாது’ வந்து ‘நாடியாது’ என முடியும் அவ்விதி, இடையில் 6 இயல்கள் கழிந்தபின், ஒன்பதாவதாகிய குற்றியலுகரப் புணரியலிலேதான் கிடைக்கிறது. புணர்ச்சியின் இயல்பை நான்காம் இயலிலேதான் கற்கப்போகும் மாணாக்கனுக்கு அவ்விதியை முன்கூட்டியே புகட்டுவதில் பிரயோசனமில்லை. ஆதலின் இந்த ஒத்திவைப்பு சோம்பலால் நேர்ந்ததன்று, பொருளின் முறைமையே அதனை வேண்டிற்று. அவ்விடத்துக்கு அவசியமானது முழுவதும் அங்கேயே கொடுக்கப்பட்டுவிட, எஞ்சியதே பின்னுக்குச் சென்றது. இவ்வுத்தியின் உயர்வு முழுவதும் இதில் அடங்கியுள்ளது என்பதே என் அபிப்பிராயம். எனினும் ஒரு குறையும் உண்டு. எந்த இயலில் வரும் என்று ஆசிரியர் சொல்லவில்லை. அதனைக் காட்டும் பொறுப்பு உரையாசிரியர்கள்மேல் விழுந்தது.

இக்கால ஆய்வாளர் பலர் இடத்தைத் திட்டமாகக் குறிக்கின்றனர். ஆனால் அவ்விடத்துக்கு வேண்டியதைக் கொடாமலே நகர்ந்துவிடுகின்றனர். அதனினும் பெரிய தீங்கொன்று உண்டு. ஒரு நூலின் காலத்தை இரண்டாம் இயலில் முடிந்த முடிபாகக் கொண்டு, நிரூபணம் ஆறாம் இயலில் வருமென வாக்களித்து, இடைப்பட்ட இயல்களை அம்முடிபின்மேல் எழுப்பி, ஆறாம் இயலிலோ அவ்விடைப்பட்ட இயல்களின் பெறுபேறுகளையே ஆதாரமாகக் காட்டும்போது, வாதம் தன்னைத் தானே தாங்கி நிற்கிறது. வாசகன் ஒவ்வோர் இயலிலும் நம்பிக் கடந்துவந்தமையால் அவ்வட்டம் அவன் கண்ணுக்குப் புலனாவதில்லை. இதனை நடைக்குற்றம் என்று மன்னித்துவிட இயலாது. இது நியாயத்துக்கே நேரும் பழுது.

வாக்களித்தது கிடையாமற் போவதும் உண்டு. அரிஸ்டாட்டில் தமது கவிதையியலின் ஆறாம் அத்தியாயத் தொடக்கத்தில், இன்பியல் நாடகத்தைப் பற்றிப் பின்னர்ப் பேசுவதாகக் கூறினார். நமக்குக் கிடைத்துள்ள ஏட்டில் அப்பகுதி இல்லை. ஆயினும் இழந்தது இன்னதென்று உலகம் ஊகித்தறிய அவ்வாக்கியம் பெரிதும் துணைசெய்தது. முன்சுட்டுதலின் பயன்களுள் இதனையும் எண்ணுதல் தகும்.

சுட்டிய இடத்துக்குச் செல்லும் சௌகரியம் எல்லா வாசகருக்கும் ஒருபடித்தாக இருப்பதில்லை என்பதை நூலாசிரியர்கள் சிந்திப்பதாகத் தெரியவில்லை. நூலகத்தில் ஓர் இயலை மட்டும் போட்டோப் பிரதி எடுத்துச் செல்லும் மாணவனிடம் எட்டாம் இயல் இல்லை. 1912இல் தொடங்கப்பெற்று இரத்மலானையில் நிலைபெற்றுள்ள செவிப்புலனற்றோர், கட்புலனற்றோர் பாடசாலையை நினைக்கும்போது இக்குறை இன்னும் தெளிவாகிறது. சாதாரண அச்சில் ஒரே புத்தகமாக அடங்குவது பிரெயில் எழுத்தில் பல பருத்த தொகுதிகளாக விரியுமாதலால், விரலால் தடவிப் படிக்கும் ஒருவர், எட்டாம் இயலைக் காண்க என்ற சொல்லுக்கு இணங்கி, வேறொரு தொகுதியை எடுத்துவந்து இடந்தேட வேண்டியவராகிறார். அங்கே என்ன நிறுவப்படுகிறது என்பதைச் சுட்டும் இடத்திலேயே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால், இப்போதே தேடுவதா, பின்னர்ப் பார்ப்பதா என்று அவரே தீர்மானிப்பார். பிரெயில் ஏட்டின் பக்க அளவு வேறாதலால் அச்சுநூலின் பக்க எண் மட்டும் அவருக்குப் போதாது. இயலையும் உட்பிரிவையும் எண்ணிட்டுச் சுட்டுதல் வேண்டும். நூற்பாக்களுக்குத் தொடரெண் இட்டு அச்சிடப்பெறும் நம் இலக்கணப் பதிப்புகளில் அம்முறை ஏற்கெனவே இருக்கிறது.