வம்ச அட்டவணை: வேலியா, வாயிலா?

எபிரேயரின் திருமறையைப் படிக்கத் தொடங்குவோர் பலர், பெயர்ப்பட்டியல் வந்ததும் பக்கங்களைப் புரட்டிவிடுவர். இன்னான் இன்னானைப் பெற்றான், அவன் மற்றொருவனைப் பெற்றான் என்று பெயர்கள் அணிவகுத்துச் செல்லும் அந்த ஏடுகளில் கதை இல்லை, கவிதை இல்லை, காட்சியும் இல்லை. ஆதியாகமத்தின் ஐந்தாம் அதிகாரம் அத்தகையது. பத்தாவதும் பதினொன்றாவதும் பெரும்பாலும் அத்தகையவையே. முதலாம் நாளாகமமோ தன் முதல் ஒன்பது அதிகாரங்களில் பெரும்பகுதியைப் பெயர்களுக்கே ஒப்படைத்துவிட்டது. சலிப்பூட்டும் பகுதி என்று ஒதுக்குவது எளிது. ஆயினும், ஒரு சமுதாயம் யாரைத் தன் மகனென்று அணைத்தது, யாரை அயலானென்று விலக்கியது என்பதை அறிய விரும்புவோர்க்கு, சங்கீதங்களைவிட இந்தப் பட்டியல்களே தெளிவாகச் சான்று கூறும்.

இவற்றைக் காலக்கணக்காகக் கொண்டு ஏமாந்தோர் உண்டு. அயர்லாந்துப் பேராயர் அசர், 1650இல் வெளியிட்ட தம் நூலில், தலைமுறைகளின் ஆண்டுகளைக் கூட்டி, உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று முடிவு கட்டினார். ஆனால், படைப்பு முதல் நோவா காலத்து வெள்ளம் வரை, யூதர் போற்றும் எபிரேய மூலத்தின்படி 1656 ஆண்டுகள். சமாரியர் போற்றும் ஏட்டின்படி 1307 ஆண்டுகள். ஏட்டுக்கு ஏடு மாறும் கணக்கை வரலாறென்று எப்படி ஏற்பது?

வரலாறு அன்றெனில், வேறு என்ன? விடை தேடியோர் ஆப்பிரிக்காவரை சென்றனர். நைசீரியாவின் திவ் மக்கள் தம் முன்னோர் வரிசையைக் கொண்டே உறவையும் உரிமையையும் தீர்மானிப்பதை, லாரா பொகனன் 1952இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். வழக்குகளைத் தீர்க்கப் பயன்படும் என்று ஆங்கிலேய அதிகாரிகள் அம்மக்களின் வம்ச வரிசைகளை எழுதி வைத்திருந்தனர். நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், அந்த ஏடு தவறென்று திவ் மக்கள் மறுத்தனர்! உறவுகள் மாறின, உரிமைகள் மாறின, அவற்றுக்கேற்ப முன்னோர் வரிசையும் மாறிவிட்டது. இச்செய்தியைக் கூடியும் வாட்டும் 1963இல் எடுத்துரைத்தனர். எபிரேய நூல்களின் வம்ச வரிசைகளை இவ்வழியே ஆராய்ந்த இராபர்ட் வில்சன், வரலாற்றைப் பதிவு செய்வதே அவற்றின் முதல் நோக்கம் என்று கொள்ளலாகாது என 1977இல் காட்டினார். வம்ச அட்டவணை என்பது குருதியின் நினைவேடு எனத் தோற்றம் தரும் உரிமைப் பத்திரம்.

மறைநூலே இதற்குச் சான்று தருகிறது. காலேப் என்னும் வீரனைக் கேனாசியன் என்கிறது எண்ணாகமம். கேனாசியர் என்போர் கானான் நிலத்துப் பழங்குடிகளுள் ஒருவராக ஆதியாகமத்தில் எண்ணப்பட்டவர். நாளாகமமோ அதே காலேபை யூதா குலத்து வரிசையில் அமர்த்திவிடுகிறது. இன்னொருவர் சாமுவேல். எப்பிராயீம் மலைநாட்டு எல்க்கானாவின் மகனென்று அவரை அறிமுகம் செய்யும் பழைய நூல், லேவி என்ற பெயரையே அங்கே சொல்லவில்லை. லேவியர்க்கே திருப்பணி என்னும் விதி வலுத்த பிற்காலத்தில், நாளாகமம் அவரை லேவி வழித்தோன்றல் ஆக்குகிறது. பிறப்பு அவருக்குப் பணியைத் தரவில்லை. பணியே அவருக்குப் பிறப்பைத் தந்தது!

இனி, இந்தப் பத்திரம் வேலியான வேளையைக் காண்போம். கி.மு. 586இல் எருசலேம் வீழ்ந்தது. மக்கள் பாபிலோனுக்குச் சிறை சென்றனர். 539இல் பாரசீகக் கோரேசு பாபிலோனை வென்றபின் திரும்பி வந்தோர் 42,360 பேர் என்கிறது எஸ்றாவின் நூல். அவர்களுள் 652 பேரால் தம் தந்தையர் குலத்தை மெய்ப்பிக்க முடியவில்லை. அபாயா, கோஸ், பர்சில்லாய் என்னும் மூன்று ஆசாரியக் குடும்பத்தார் தம் வம்ச அட்டவணையைத் தேடினர்; கிடைக்கவில்லை. ஆசாரியப் பணி மறுக்கப்பட்டது. தூய உணவும் மறுக்கப்பட்டது. நாட்டை இழந்து நலிந்தோரை நாடு திரும்பிய நாளில், ஏடு இல்லை என்று வாயிலில் நிறுத்தினர்! பின்னர், அயலினப் பெண்களையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் அனுப்பிவிடவும் உறுதி பூண்டனர். பேரரசின் காலடியில் வாழ்ந்த சிறு கூட்டம் தான் கரைந்துபோவோமோ என்று அஞ்சியது உண்மை. அந்த அச்சத்துக்கு விலை கொடுத்தவர்களோ, தாயும் சேயுமே!

வேடிக்கை பாருங்கள்: கோஸ் குடும்பத்து உரியாவின் மகன் மெரெமோத், எருசலேம் மதிலைக் கட்டியவருள் ஒருவன் என்கிறது நெகேமியாவின் நூல். ஆசாரியன் உரியாவின் மகன் மெரெமோத்தின் கையில் ஆலயத்துப் பொன்னும் வெள்ளியும் நிறுத்து ஒப்படைக்கப்பட்டன என்கிறது எஸ்றாவின் நூல். இருவரும் ஒருவரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அப்படியாயின், பூட்டிய கதவு பின்னர் திறந்திருக்கிறது. தொலைந்த ஏடு கிடைத்ததோ, தடுத்தோர் மனம் மாறினரோ, நூல் சொல்லவில்லை.

வாயிலைத் திறந்தவள் ரூத். மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் கர்த்தரின் சபைக்குள் வரலாகாது என்பது உபாகமச் சட்டம். ரூத்தோ மோவாபியப் பெண், கணவனை இழந்தவள், பிறர் வயலில் கதிர் பொறுக்கியவள். அவள் மகன் ஓபேத். அவன் மகன் ஈசாய். அவன் மகன் தாவீது. மூன்றே தலைமுறை! சட்டத்தின்படி பார்த்தால் மாமன்னன் தாவீதே சபைக்கு வெளியே நிற்க வேண்டியவன். பத்துப் பெயர் கொண்ட வம்ச வரிசையால் அந்த நூல் முடிகிறது. அதன் கடைசிச் சொல் தாவீது. வேலி கட்டப் பயன்பட்ட கருவியைக் கொண்டே வேலியை உடைத்தவன் அதன் ஆசிரியன். விலக்கு மோவாபிய ஆணுக்கே, பெண்ணுக்கு இல்லை என்று பிற்கால யூத அறிஞர் உரை கண்டனர். சட்டத்தை வளைத்தேனும் ரூத்தைக் காத்தனர்.

நாளாகமத்தின் இரண்டாம் அதிகாரத்திலும் ஒரு வியப்பு. யூதா குலத்துச் சேசானுக்கு மகன் இல்லை. யர்கா என்னும் எகிப்திய அடிமைக்குத் தன் மகளை மணம் செய்வித்தான். அவர்கள் பெற்ற அத்தாய் முதல் எலிசாமா வரை பதின்மூன்று தலைமுறைகளை ஒன்றுவிடாமல் எழுதிவைத்தது யூதா குலத்து ஏடு. அடிமையின் குருதியையும் தன் குருதியென ஏற்ற அந்த வரிசையில் ஒரு குறையும் உண்டு: குலத்தைக் காத்த மகளின் பெயரை அந்த இடத்தில் எழுத மறந்தனர்.

கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிசுனா இன்னும் ஓரடி முன்னே செல்கிறது. முதல் மனிதன் ஒருவனாகவே படைக்கப்பட்டதற்கு அது கூறும் காரணங்களுள் ஒன்று, என் தந்தை உன் தந்தையினும் உயர்ந்தவன் என்று எவனும் பேசலாகாது என்பது. தகாத பிறப்பினன் என ஒதுக்கப்பட்டவனாயினும், கற்றவன், கல்லாத தலைமை ஆசாரியனுக்கு முன்னே மதிக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது.

ஆகவே, பெயர்ப்பட்டியலைத் தள்ளிவிட்டுப் படிப்போர் நூலின் நெஞ்சையே தள்ளிவிடுகின்றனர். பிறப்பால் பெருமை பேசுவோர் எந்நாட்டினராயினும், பரம்பரை என்பது மேலிருந்து இறங்கி வந்தது, மாற்ற முடியாதது என்பர். பரம்பரையைப் போற்றிக் காத்த ஒரு மக்களின் ஏடே அதை மறுக்கிறது. காலேபைச் சேர்த்ததும், கோஸ் குடும்பத்தைத் தடுத்ததும், யர்காவின் மக்களை ஏற்றதும் மனிதர் எழுதிய எழுத்தே. மனிதன் எழுதியதைத் திருத்தி எழுத மனிதனுக்கு உரிமை உண்டு. மறந்துபோன பெயர்களைச் சேர்க்கும் கடமையும் உண்டு.