முதல் நூலும் முழுத் தீர்ப்பும்

உலகோர் புகழும் நூலொன்று நமக்குப் பிடிக்கவில்லையாயின், நம்மவர் இரண்டிலொன்று செய்வர். ஒரு சாரார், பெரியோர் புகழ்ந்ததை நாம் குறை கூறுவதா என்றஞ்சி வாய் மூடியிருப்பர். மற்றொரு சாரார், அந்நூலோடு அவ்வினத்து நூல்கள் அனைத்தையும் குப்பையென ஒதுக்குவர். முன்னது அடிமை மனப்பான்மை, பின்னது சோம்பல். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன்.

விஞ்ஞானக் கற்பனைக் கதைகளுள் ‘சைபர்பங்க்’ என்றொரு வகை உண்டு. கணிப்பொறி வலைகளும், அரசாங்கங்களினும் வலிமிக்க பெருங் கம்பெனிகளும், அவற்றின் நிழலில் பிழைக்கும் திருடரும் கூலிக்கு உழைப்போரும் இவ்வகையின் பொருளாவர். எச். ஜி. வெல்ஸ் எழுதிய சந்திர மண்டலப் பயணத்திலும் செவ்வாய்க் கிரகத்தார் படையெடுப்பிலும் பழகியவர்க்கு இது புது நிலம். இந்நிலத்தின் வாயிலெனப் பலரும் காட்டுவது, வில்லியம் கிப்சன் 1984-ல் வெளியிட்ட ‘நியூரோமான்சர்’ என்னும் நாவல். ஹியூகோ, நெபுலா, பிலிப் கே. டிக் என்னும் மூன்று பரிசுகளையும் அது பெற்றது. இவ்வகையில் நான் படித்த முதல் நூலும் அதுவே. எனக்கு அது பிடிக்கவில்லை.

புதுச் சொற்கள் பக்கந்தோறும் வருகின்றன, விளக்கமில்லை என்பர் சிலர். இதனை நான் குற்றமெனக் கொள்ளேன். தோட்டத்துக்குப் புதிதாய் வருபவனுக்குப் பெரட்டு, தீம்பார், நிரை என்னும் சொற்களுக்கு எவரும் அகராதி கொடுப்பதில்லை. பத்து நாளில் காதால் கேட்டே அறிந்துகொள்கிறான். நூலின் மெய்க்குறை வேறு.

கதாநாயகன் கேஸ் என்பவன் எசமானரிடம் திருடியவன். அவர்கள் நஞ்சூட்டி அவன் நரம்புகளைக் கெடுத்து, வலைக்குள் புக இயலாதபடி செய்துவிடுகின்றனர். பின்னர் வேறொருவன் அவனைக் குணப்படுத்தி வேலைக்கமர்த்துகிறான். ஆனால், அவனுடைய இரத்தக் குழாய்களில் நச்சுப் பைகளையும் வைத்துவிடுகிறான். வேலை குறித்த காலத்தில் முடியாவிடில் பைகள் கரையும். கேஸ் பழைய நிலைக்கே திரும்புவான். முன்பணக் கடனால் தொழிலாளரைக் கட்டிவைத்த காலத்தை அறிந்த நம்மவர்க்கு, உடம்பையே அடகு பிடிக்கும் இக்கொடுமையின் பொருள் எளிதில் விளங்கும். ஆசிரியரோ இதனைக் கதையை விரைவாக ஓட்டும் கருவியாகவே கொண்டார். நகத்தடியில் கத்தி பொருத்திய பெண்ணும், போதை மருந்தும், நகரின் பளபளப்பும் ஏட்டை நிறைக்கின்றன. கேஸே தன் உடம்பை வெறும் இறைச்சியென இகழ்கிறான். அவன் வலி நம் நெஞ்சைத் தொடவில்லை.

நிற்க. இக்குறை நூலுடையதா, இனத்துடையதா? ஒரு நூலைக்கொண்டு இதற்கு விடை காண இயலாது. ஆதலின் பேட் காடிகன் என்னும் பெண் எழுத்தாளர் 1991-ல் வெளியிட்ட ‘சின்னர்ஸ்’ என்ற நாவலை எடுத்தேன். 1992-ல் ஆர்தர் சி. கிளார்க் பரிசு பெற்றது அது. இசைப் படம் எடுக்கும் சிறு நிறுவனமொன்றைப் பெருங் கம்பெனி விழுங்குகிறது. தொழிலாளர் மூளையைப் பொறியோடு நேரே இணைக்கிறது. அவர்களுள் ஒருவனுக்கு மூளையில் உண்டாகும் தாக்கு, வலைவழியே ஊரெங்கும் நோயாய்ப் பரவுகிறது. இங்கும் கம்பெனி உண்டு, பொறி உண்டு. ஆயின் உழைப்பவனின் உடம்பு இங்கே இறைச்சியன்று. அவனை இழப்பவளின் சினமும் துயரமும் நம்முடையனவாகின்றன.

இரண்டாம் நூல் நன்றென்பதால் முதல் நூலின் குறை நீங்காது. மூன்று பரிசுகளும் அதனை நீக்கா. முதல் நூல் குறையுடைத்து என்பதால் இனமும் தாழ்ந்ததாகாது. ஆகவே அன்பர்களே, பிடிக்காத நூலைப் பிடிக்கவில்லை என்று துணிந்து கூறுங்கள். எது பிடிக்கவில்லை என்பதையும் உடன் கூறுங்கள். பின்னர் அவ்வினத்திலேயே வேறொருவர் எழுதிய நூலொன்றைப் படித்த பிறகு இனத்தைப்பற்றித் தீர்ப்புக் கூறுங்கள். படிப்பவனுக்குள்ள உரிமையும் கடமையும் இவையே.