‘அனஸ்தடைஸ்’: டிரம்ஸைப் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள்

“17 நிமிஷமா?” என்று ஹெட்போனைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரே ராத்திரியில் ஒரு சீரிஸ் முழுவதையும் பார்த்து முடிக்கிறவர்கள்தான்! போர்க்குபைன் ட்ரீயின் ‘அனஸ்தடைஸ்’ பாட்டுக்கு நடக்கும் இந்த அநியாயத்தைப் பொறுக்க முடியவில்லை.

அடிப்படை விவரங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து இசைக்குழு. 2007இல் வந்த ‘ஃபியர் ஆஃப் எ பிளாங்க் பிளானட்’ ஆல்பத்தில் மூன்றாவது பாட்டு. எழுதியவர் ஸ்டீவன் வில்சன். பிரெட் ஈஸ்டன் எல்லிஸின் ‘லூனார் பார்க்’ நாவல் தந்த தூண்டுதல். மாத்திரை, டிவி, ஷாப்பிங் மால் என்று எதிலும் ஒட்டாமல் கிடக்கும் ஒரு பையன். மெதுவாகத் தொடங்கி, நடுவில் மெட்டலாகி, கடைசியில் தணியும் மூன்று பகுதிகள். இவ்வளவு போதும்.

இனி முக்கியமான விஷயம். கோபம் வேறு, மரத்துப்போவது வேறு. ராக் இசையின் விடலைப் பையன்கள் பெரும்பாலும் கோபக்காரர்கள். த ஹூ குழுவின் ‘குவாட்ரஃபீனியா’ ஆல்பத்தில் (1973) வரும் ஜிம்மி கொந்தளித்துக்கொண்டே பிரைட்டன் வரை போகிறான். பிங்க் ஃப்ளாய்டின் ‘தி வால்’ ஆல்பம் மரத்துப்போன மனதைத் தொட்டது உண்மைதான். ஆனால் அங்கே மரத்துப்போனவன் வளர்ந்துவிட்ட ராக் ஸ்டார். இங்கே இருப்பவன் வாழ்க்கையை இன்னும் தொடங்கவே இல்லை. முட்டி மோத அவனுக்கு எதிரி என்று யாரும் கிடையாது.

இந்த மரத்துப்போன நிலையைக் காதால் பிடிக்க ஒரு வழி உண்டு. முதல் பகுதியில் வில்சனின் குரலை விட்டுவிட்டு கேவின் ஹாரிசனின் டிரம்ஸை மட்டும் கேளுங்கள். குரல் ஏறுவதில்லை, கெஞ்சுவதில்லை. கீழே டிரம்ஸோ ஓர் இடத்தில் நிற்பதில்லை. சின்னச் சின்னத் தட்டல்களாக ஊர்ந்துகொண்டே இருக்கிறது. வாய் பேசாததை எல்லாம் அது பேசுகிறது. அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் பாட்டு. ரஷ் குழுவின் அலெக்ஸ் லைஃப்சன் வாசிக்கும் கிடார் சோலோவையும் அந்த இடைவெளிக்குள் வைத்தே கேளுங்கள்.

நடுவில் கிடார்கள் இடிக்கும்போது “இப்போதுதான் பையனுக்குக் கோபம் வந்தது” என்று சிலர் எழுதினார்கள். காதில் விழுந்த சத்தத்தை வைத்து எழுதியது அது. வார்த்தைகளைக் கவனித்தால், அங்கேயும் தனக்கு ஒன்றும் உறைப்பதில்லை என்றுதான் பாடுகிறான். இந்தப் பாட்டைப் பெரியவர் ஒருவரின் புலம்பல் என்று ஒதுக்குவது அதைவிட மேலோட்டம். பாட்டில் பெரும்பாலும் ‘நான்’ என்றே வருகிறது. பையனுக்கு யாரும் புத்தி சொல்லவில்லை. தாளக் கணக்கை எண்ணிக் காட்டிவிட்டு ரசனை என்று சொல்லிக்கொள்கிறவர்களையும் நம்பாதீர்கள். கணக்குத் தெரியாமலே அந்தத் தவிப்பு வந்து சேரும்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். எனக்குப் பிடித்தது கடைசி ஐந்து நிமிடம். தீவிர ரசிகர்களே அதை வால் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, கடலும் அலையும் வருகின்றன. பையன் முதல்முறையாக எதையோ நினைவுபடுத்திப் பார்க்கிறான். முந்தைய பன்னிரண்டு நிமிடங்களைத் தாண்டி வராதவர்களுக்கு இது வெறும் இனிமையான மெட்டு. அதனால் தயவுசெய்து நேராக இங்கே தாவாதீர்கள்.

2008இல் நெதர்லாந்தின் டில்பர்க் நகரில் படம்பிடித்த கச்சேரி, இதே பாட்டின் பெயரில் டிவிடியாக 2010இல் வந்தது. ஹாரிசனின் கைகளை அதில் பார்க்கலாம். ஆனால் நாலைந்து முறை காதால் கேட்ட பிறகு பாருங்கள்; முன்னால் வேண்டாம்.