கோடு போட்ட பிறகு கூட்டிய கூட்டம்

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே கிடக்கும் 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள கடலையும் 1986-இல் தமிழக அரசு தேசியப் பூங்காவாக அறிவித்தது. கரையோர ஊர்களில் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் வந்ததோ 2000-க்குப் பிறகு, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு மன்னார் வளைகுடா அறக்கட்டளை அமைந்த பின்னர். மக்கள் பங்கேற்பு என்று பெயர் வாங்கிய இந்த நடைமுறையின் குறை அந்தக் கால வரிசையிலேயே இருக்கிறது. எல்லையை எங்கே வைக்கலாம் என்று கடலோடிகளை யாரும் கேட்கவில்லை. எல்லைக்கு வெளியே எப்படிப் பிழைப்பது என்று மட்டும்தான் குழுவில் பேச முடிந்தது. அதற்காகக் குழுக்களை வெறும் பொம்மை என்று தள்ளிவிடவும் முடியாது. வியாபாரியின் முன்பணத்தை நம்பியே காலம் தள்ளிய குடும்பங்களுக்குக் குழுக்கள் வழியாகக் கிடைத்த சிறுகடன் பெரிய ஆசுவாசம்.

பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்துப் பாசிப் பெண்களை வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பையோடு மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பவர்கள் இவர்கள். பூங்கா எல்லைக்குள் பறிப்பது குற்றமானதும் வனத்துறையோடு உரசல் தொடங்கியது. அப்போது அவர்கள் தாங்களே ஒரு கட்டுப்பாடு வகுத்தார்கள்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதம் 12 நாள் மட்டும் பறிப்பது, கையால் மட்டுமே பறிப்பது. மேலிருந்து வந்த மாற்றுத் தொழிலான பாசி வளர்ப்பின் கதை வேறு. பெப்சி நிறுவனம் பரப்பியதால் கரையில் ‘பெப்சி பாசி’ என்றே பெயர் பெற்ற அயல்நாட்டுப் பாசி, பூங்காவின் தீவுகளில் ஒன்றான குருசடையின் பவளப்பாறைகள் மேல் படர்ந்து மூடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். சின்னப்பாலத்துப் பெண்களின் தலைவி லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவில், தீவுச் சூழல் பாதுகாப்புக்கான சீகாலஜி விருது கிடைத்தது. விருது கொடுக்கத் தெரிந்த உலகில், அவர்கள் வகுத்த 12 நாள் கணக்கைப் பூங்காச் சட்டத்தில் சேர்க்க மட்டும் ஆளில்லை.

மீனவரிடம் விட்டால் கடல் மிஞ்சுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்கடியில் போயின. வெட்டிய கைகளும் இந்தக் கரையின் கைகள்தான். ஆனால் வாங்கியவை ஆலைகளும் சூளைகளும். அவற்றைத் தடுக்கச் சட்டம் வேண்டும்; கையால் பாசி பறிப்பவளையும் அதே சட்டத்தால் அடிப்பதுதான் கோளாறு. இன்னொரு மறுப்பு, சமூகம் ஒரே குரலில் பேசாது என்பது. பேசாதுதான். அப்படியும் பாக் நீரிணையில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு, மீறல்களுக்கு நடுவிலும், சண்டையிலிருந்தே பிறந்தது. உரிமையைச் சட்டமாகவே தர முடியும் என்பதற்கும் உதாரணம் உண்டு: சிலி நாடு 2008-இல் கொண்டுவந்த லாஃப்கென்சே சட்டம், வழிவழியாகப் பயன்படுத்திய கடற்பகுதியைத் தங்கள் பொறுப்பில் கேட்டு விண்ணப்பிக்கும் உரிமையைத் தொல்குடிகளுக்குத் தந்தது. அங்கும் விண்ணப்பங்கள் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன. என்றாலும் அங்கே பேச்சு தொடங்குவது உரிமையிலிருந்து, கடனிலிருந்து அல்ல.

இப்போது ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் கடற்பாசிப் பூங்கா வருகிறது; 2023-இல் அடிக்கல் நாட்டியாயிற்று. பாசி மிதவைகள் எந்தக் கடலில் மிதக்கும், அந்த இடத்தில் இதுவரை வலை போட்டவர் யார், பாசி பறித்தவர் யார் என்பதை இடம் குறிக்கும் முன்பே கரையில் உட்கார்ந்து பேசலாம். வரைபடம் தயாரான பிறகு கூட்டம் போட்டால், அங்கே மிஞ்சுவது வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் வேலை மட்டுமே.